மீட்டர் கத்தவில்லை

என் தம்பி விஞ்ஞானி என்று சொன்னால், என்ன கண்டுபிடித்தான் என்று கேட்கிறார்கள். அவன் கண்டுபிடிக்க வருகிறவர்களுக்கு இயந்திரத்தைத் தயார்செய்து கொடுக்கிறவன். அணு உலைக்குள்ளிருந்து நியூட்ரான் என்ற கண்ணுக்குத் தெரியாத துகள் சுவரிலுள்ள துளை வழியாக வரும். எதிரே வைத்த பொருளில் பட்டுச் சிதறும். சிதறுவதைப் பார்த்தே அதன் உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவார்களாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

எங்கெங்கிருந்தோ வந்து முறைக்குக் காத்திருப்பார்கள். தம்பி சாப்பாட்டை மறந்து அவர்கள் கூடவே நிற்பான். பேர் அவர்களுக்கு. "எல்லாக் கல்யாணத்துலயும் மாப்பிள்ளைத் தோழன்" என்று அங்கே கேலி. அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அவனிடமும் ஒரு கல் இருந்தது. மாங்கனீசு சேர்த்து அவனே வளர்த்த கறுப்புப் படிகம், சட்டைப் பொத்தான் அளவு. அதற்குள் ஏதோ மெல்லிய அசைவு இருக்கிறது என்று வருடக்கணக்காக நம்பினான். உலையை நிரந்தரமாக மூடப்போகிறார்கள் என்றான பிறகுதான், கடைசி வாரத்தை அவனுக்குக் கொடுத்தார்கள். ஆண்டவனிடம் அந்த வாரம் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

மூடும் நாளில் குடும்பத்தாரையும் உள்ளே விட்டார்கள். உலை அணைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தம்பி கல்லை இடுக்கியில் எடுத்துவந்தான். கதிர்வீச்சு இருக்கிறதா என்று அளக்காமல் எதையும் வெளியே விடமாட்டார்கள்.

"நியூட்ரான் பட்ட மாங்கனீசு, அக்கா. மீட்டர் கத்தும், காதைப் பொத்திக்க" என்றான் தம்பி.

மீட்டர் கத்தவில்லை.

"அட, சுத்தமா இருக்கு மாப்ளே! அக்கா கையிலயே குடுத்தனுப்பலாம்" என்றார் அளக்கிறவர்.

தம்பியின் முகம் செத்துப்போனது. "இன்னொரு தடவை வைங்கண்ணே."

வைத்தார். சத்தமில்லை.

இயந்திரத்துக்கு ஓடினான்; நானும் பின்னாலேயே போனேன். துளைக்கு எதிரே ஒரு தகடு நின்றது. காட்மியமாம், நியூட்ரானை விழுங்கிவிடுமாம். நியூட்ரான் வராதபோதும் கருவியில் பதிவாகும் வெறும் இரைச்சல் எவ்வளவு என்று அளக்க அதை முதலில் வைப்பார்கள். அளந்ததும் எடுத்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இயந்திரத்துப் பெண் "சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டிருக்கிறாள். போய் உதவிவிட்டு வந்தவன், தகட்டை மறந்து வேலையைத் தொடங்கிவிட்டான். அசைவு மெல்லியதாகத்தான் தெரியும் என்று நினைத்திருந்ததால், வாரம் முழுக்க இரைச்சலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். கல்லில் நியூட்ரான் படவே இல்லை.

"வர்றவங்க எல்லார்கிட்டயும் முதல்ல இதைத்தானேக்கா பாக்கச் சொல்லுவேன்."

"உலையைக் கொஞ்ச நேரம் மறுபடி போடச் சொல்லேன்டா."

"இனி போடமாட்டாங்கக்கா. எரிபொருளையே எடுக்கப் போறாங்க."

அந்தப் பெண் சந்தோஷமாக ஓடிவந்தாள். "சார், எங்களுக்கு அருமையா வந்திருச்சு, உங்களாலதான்! உங்களுக்கு?"

"பாக்கணும்மா" என்றான்.

அவள் போனதும் தகட்டைக் கழற்றித் துணியால் துடைத்தான்.

"இப்ப எதுக்குடா அதை எடுக்கற?"

"இங்க இருக்கக் கூடாதுக்கா" என்றான்.