சும்மா நின்று கரண்ட் தின்னும் பெட்டி

துறைமுகத்தில் முப்பத்தொரு வருசம் கிளார்க்காக இருந்த கிளரன்சுக்கு, சும்மா நிற்கிற எதைக் கண்டாலும் பற்றிக்கொண்டு வரும். கப்பலானாலும் சரி, லொறியானாலும் சரி. பென்சனுக்குப் பிறகு அந்தக் கோபம் கரண்ட் பக்கம் திரும்பியது.

தன்னுடைய பாட்டுகளையெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்து, கொட்டாஞ்சேனை வீட்டில் நாள் முழுக்க ஓடவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடைக்காரர் காட்டியதோ இடுப்பளவுப் பெட்டி. உள்ளே மூன்று ஃபேன், சிவப்பும் நீலமுமாக லைட்.

"சும்மா இருக்கேக்க எத்தனை வாட் இழுக்கும்?"

"அதெல்லாம் ஒருத்தரும் கேக்கிறதில்ல அங்கிள்."

கிளரன்ஸ் பையிலிருந்து தன்னுடைய வாட் மீற்றரை எடுத்துச் செருகிப் பார்த்தார். எண்பது!

"இது பாட்டுக் கேக்கவா, கல்யாண மண்டபத்துக்கு வெளிச்சம் போடவா? ஒரு வேலையும் செய்யாம எண்பது வாட் தின்னுது. இதை வெக்கமில்லாம விக்கிறீர்!"

கடைசியில், ஏதோ ஒஃபிசில் கழித்துவிட்ட, ஃபேனே இல்லாத சின்னப் பெட்டியொன்று அகப்பட்டது. ஆறே வாட். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன்னுடைய பழைய அம்ப்ளிஃபயரோடு பூட்டினார். சூடாக இருந்தால்தான் சத்தம் நன்றாக வரும் என்று, இருபது வருசமாக அவர் அதை ஓஃப் பண்ணியதே இல்லை.

கடைக்காரரை அவர் இன்னும் ஏசிக்கொண்டிருக்க, மனைவி மெற்றில்டா மீற்றரை எடுத்து அம்ப்ளிஃபயரின் பிளக்கில் பூட்டினாள். பாட்டு இன்னும் தொடங்கவில்லை.

"நூற்றிப் பத்து," என்றாள். "இப்ப ஏசுங்க, கேப்பம்."