மும்முறுக்கு மாலை

தவக்காலம் பிறக்குமுன் வீட்டிலுள்ள செபமாலைகளையெல்லாம் சிக்கெடுத்துத் துடைத்து, பீடத்தின் முன் வரிசையாகத் தொங்கவிடுவது ஆவூரில் எங்கள் வீட்டு வழக்கம். என் ஒன்பதாம் வயதில் அப்பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அவ்வாண்டு பீடத்தருகே ஆணியில் புதியதொரு மாலை தொங்கியது. சென்னையில் புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்த மாமா, விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தது. மூன்று செப்புக் கம்பிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டிருந்தன; ஒவ்வொன்றிலும் இரண்டு குன்றிமணிகளை அடுத்து ஒரு சின்னஞ்சிறு வெள்ளைப் பாசிமணி. சன்னல் வெயிலில் அது மெல்லச் சுழல்கையில், சுவரில் அதன் நிழல் முடிவின்றி மேலேறிக்கொண்டேயிருக்கும். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று அண்ணாந்தபடியே பிற்பகல்களைக் கழித்தேன். பத்துக்கு ஒரு பெரியமணி என்னும் ஒழுங்கு இல்லாதது மட்டும் உறுத்தியது. சென்னையில் செபம் சுருக்கம்போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மாமா ரயிலேறுவதற்கு முந்தைய நாள், அந்தச் சிக்கையும் எடுத்துவிட்டேன். மூன்று கம்பிகளையும் பிரித்து, நீவி, நேராகத் தொங்கவிட்டேன்.

மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு மணி கொறையல மாமா, எண்ணிப் பாத்துட்டேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அம்மா என் பக்கம் பேசினாள். "சிக்கெடுத்துத்தானே வச்சிருக்கா? அதுக்கு ஏன்டா ஒனக்கு மொகம் செத்துப்போச்சு?"

"இது செபமாலை இல்லக்கா, ஒடம்புல இருக்குற ஒரு புரதத்தோட மாதிரி. அந்தச் சிக்குதான் நான் மூணு மாசமாச் செஞ்சது! நாளன்னைக்குப் புரொபசர்கிட்டக் காட்டணும்."

"அப்பத் திரும்ப முறுக்கு. ஒக்காந்து அழுதா முறுக்கிக்குமா?"

முறுக்கினோம். குன்றிமணி உட்புறம் திரும்பினால் இழைகள் நெருங்க மறுத்தன. பாசிமணிகள் யாவும் நடுவில் கூடினால்தான் இணங்கின. மாமாவின் தடித்த விரல்கள் அங்கே புகவில்லை, என்னுடையவை புகுந்தன. ஒவ்வொரு பாசிமணியும் உள்ளே அமர்கையில், உறக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் மூன்று இழைகளும் சேர்ந்து திரும்பின. விளக்கேற்றும் வேளைக்குள் மாலை மீண்டும் தன் வடிவில் தொங்கியது.

"இது எங்க மாமா இருக்கு?"

"ஒன் தோலுல, எலும்புல, இந்த விரல்லகூட. எல்லாம் இப்படித்தான் முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. நல்லவேளை, அங்கிட்டு ஒன் கை எட்டாது."

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலைச் செபத்தில் விரல்களை மிக மெதுவாகக் கோத்துக்கொண்டு, என்னுள் கிடக்கும் சிக்கையெல்லாம் எடுத்துவிடும்படி மாதாவிடம் மன்றாடினேன்.

அம்மன்றாட்டைக் கேளாமல் விட்ட கருணை அப்போது எனக்கு விளங்கவில்லை.