ஆறெட்டு எவ்வளவு

நான் கோபக்காரன். தொண்ணூறுகளின் கடைசியில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விளையாட்டு வாத்தியாரா இருந்தேன். விசில் ஊதினதைவிடக் கத்தினதுதான் அதிகம். அந்த வருஷம் எங்க புள்ளைங்க முதல் தடவையா வலைப்பந்து இறுதிப் போட்டிக்கு வந்திருந்தாங்க.

பாதி ஆட்டத்துல, எங்களுக்குக் கோல் போடுற புள்ள பந்துக்குத் தாவி, பின்மண்டை தரையில அடிபட விழுந்துட்டா. ரத்தம் வரல. மூஞ்சியில தண்ணி தெளிச்சோம், எழுந்து உக்காந்தா. புத்தி தெளிஞ்சிருச்சான்னு பார்க்க எங்க ஊர்ப் பக்கம் வாய்ப்பாடு கேக்குறது வழக்கம். ஆறெட்டு எவ்வளவுன்னு கேட்டேன். தெரியலைங்க சார்னு சிரிச்சா.

சரி, இதுக்கு எப்பவுமே தெரியாது போலன்னு நெனச்சுக்கிட்டேன். நானும் தோட்டக்காரங்க வரிசை வீட்டுல, லயத்துல பொறந்தவன்தான். லயத்துப் புள்ளைக்குக் கணக்கு வராதுன்னு வெளியாள் எவனாவது சொல்லியிருந்தா சட்டையப் பிடிச்சிருப்பேன். அன்னிக்கு நானே அப்படி நெனச்சேன். போ, போய் ஆடுன்னு முதுகுல தட்டி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்துல இன்னொருத்தியோட முழங்கை தலையில பட்டு அவ மறுபடி விழுந்தா. இந்தத் தடவை எழுந்திரிக்கல. ஆட்டத்தை அப்படியே விட்டுட்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்த அவ அம்மா, படங்குச் சாக்கை இடுப்புல கட்டினபடியே வந்து நின்னாங்க. நடந்ததை ஒளிக்காம சொன்னேன்.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல எங்க எல்லாருக்கும் மனக்கணக்கு போட்டுச் சொல்றது இவதாங்க சார்," அப்படின்னாங்க. "ஆறெட்டு தெரியாதுன்னு சொன்னப்பவே உங்களுக்கு வெளங்கலையா?"

கோபமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்.

அதுக்கப்புறம், நல்லா இருக்கும்போது புள்ளைக்கு என்ன தெரியும்னு தெரிஞ்சாத்தான் அடிபட்டப்ப எது போச்சுன்னு தெரியும்னு டாக்டர் ஒருத்தர் சொன்னார். அதுலருந்து ஒவ்வொரு வருஷமும் ஆட்டம் தொடங்குமுன்னே எல்லாரையும் வாய்ப்பாடு சொல்ல வச்சு, அஞ்சு சொல்லை ஞாபகம் வைக்கச் சொல்லி, ஒத்தக் கால்ல நிக்க வச்சு, கொப்பியில எழுதி வச்சேன். சாருக்குக் கிறுக்குன்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

அந்தப் புள்ள பொழைச்சுக்கிட்டா. ஆனா பள்ளிக்கூடம் திரும்பல. சொன்னது எதுவும் மனசுல நிக்கிறதில்ல. மாசத்துக்கொருதரம் அவங்க லயத்துக்குப் போவேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு கேப்பா.

"சார், நாம ஜெயிச்சோமா?"

பாதியில விட்டுட்டுப் போனதால தோல்வின்னுதான் எழுதினாங்க.

"ஜெயிச்சோம் புள்ள."

அப்பத்தான் கேள்விப்பட்ட மாதிரி சந்தோஷப்படுவா. அடுத்த மாசமும் அதையேதான் கேப்பா.