பேப்பர் ரேட்

1. நாலு கேட், ரெண்டு சீட்டு

நாமக்கல் பதிப்பில் நான் நிருபராகச் சேர்ந்த முதல் நாள் கிடைத்த வேலை கொலையும் இல்லை, தேர்தலும் இல்லை. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு ரேட். இதற்கா வந்தோம் என்று முகம் சுளித்தேன். பொறுப்பாசிரியர் கவனித்துவிட்டார்.

"நீ எழுதற மத்ததை எல்லாம் மடிச்சுப் பஜ்ஜி வெச்சுத் திம்பாங்க. இந்த ரேட்டை மட்டும் வெட்டி ஜோப்புல வெச்சுக்குவாங்க. நாலு சேகோ மில்லு கேட்டுல கேளு. கிழங்கு இறக்குன ரெண்டு பேரோட எடைச்சீட்டுல இருக்கற ரேட்டைக் கண்ணால பாரு. அப்பறம் போடு."

எங்கள் பக்கம் கிழங்கு வியாபாரம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். புரோக்கர் காட்டுக்கே வந்து பேசி முடிப்பார். விலை மட்டும் பேச மாட்டார்கள். "பிடுங்கற அன்னிக்குப் பேப்பர் ரேட்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிழங்கில் மாவு எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று ஜவ்வரிசி தயாரிக்கும் அந்த சேகோ மில்லில் சோதிப்பார்கள். ஒரு பாயிண்டுக்கு என்ன விலை என்பதை நாங்கள் போடுவோம். கையெழுத்தில்லாத அந்த ஒப்பந்தத்துக்கு எங்கள் பேப்பரின் சின்னக் கட்டம்தான் பத்திரம்.

2. கிளிக்

பல வருடம் கழித்து, ஆறு பேர் இருந்த எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் மிஞ்சினோம். விளம்பரமெல்லாம் செல்போனுக்குப் போய்விட்டது, காகித விலை ஏறிவிட்டது என்றார் தலைமையகத்திலிருந்து வந்த மேலாளர். அத்தனையும் உண்மை. ஆனால் வருமானம் குறைந்தால் எதை வெட்டுவது என்று இன்டர்நெட் சொல்வதில்லை. மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். மேலாளரின் கார் அப்படியே இருந்தது. நான் மில்லுகளைச் சுற்றிவரும் பெட்ரோல் படி போனது.

"இந்த ரேட்டை எத்தனை பேர் கிளிக் பண்றாங்க?" என்று கேட்டார்.

"கிளிக் பண்ண மாட்டாங்க சார். வெட்டி வெச்சுக்குவாங்க."

"அதான் வாட்ஸ்அப் குரூப்ல தினமும் வருதே. அதை எடுத்துப் போட்டுட்டு ரெண்டு வீடியோ அனுப்புங்க."

அனுப்பினேன். மேச்சேரி ஆட்டுக்கிடா ஒன்று சந்தையில் ஆளை முட்டிய வீடியோவுக்குப் பாராட்டுகூட வந்தது. அந்த வாட்ஸ்அப் குரூப்பை நடத்தியவர் சீரங்கன் என்ற கிழங்கு புரோக்கர். விலை குறைந்தால் லாபம் அவருக்குத்தான். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்தேதான் எடுத்துப் போட்டேன்.

3. நல்லம்மாள்

நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து நல்லம்மாள் என்ற அம்மா ஒரு காலையில் அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் ரேட் கட்டத்தையும் ஓர் எடைச்சீட்டையும் என் மேஜையில் அருகருகே வைத்தார்.

"ஏனுங்க, இது நீங்க போட்டதுங்களா?"

"ஆமாங்க."

"சீரங்கன் கெழங்குக்கு இந்த ரேட்டைப் பாத்துத்தானுங்க காசு குடுத்தாரு. பக்கத்துக் காட்டுக்காரரு அதே நாள்ல நேரா மில்லுல இறக்குனாரு. இது அவரு சீட்டு. பாயிண்டுக்கு முப்பது ரூவா கூடங்க. கெணறு வத்திப்போச்சு. இந்தக் கெழங்குல போர் போட்டரலாம்னு ரிக்கு வண்டிக்குச் சொல்லி வெச்சிருந்தனுங்க. இப்பப் பாதி ஆழத்துக்குக்கூட ஆகாது. தென்னம்பிள்ளை நின்னபடிக்குக் காயுது."

நாலு மில்லுக்கும் போன் செய்தேன். பத்து நாட்களாக நாங்கள் குறைத்தே போட்டிருந்தோம். அன்றே திருத்தம் எழுதி அனுப்பினேன். மேலாளர் கூப்பிட்டார்.

"திருத்தமா? ஆண்டு மலருக்கு முழுப்பக்க விளம்பரம் யார் குடுத்தாங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும். சீரங்கன்தான். திருத்தம் வரவில்லை.

மறுநாளும் ஆத்திரம் அடங்கவில்லை. நல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு சீரங்கன் கடைக்கே போனேன். அவர் டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினார்.

"பேப்பர் ரேட்டுன்னு பேசுனோம். பேப்பர் ரேட் குடுத்தாச்சுங்க."

"அது நீங்க குரூப்ல போட்ட ரேட்."

"குரூப்ல நான் ஆயிரம் போடுவனுங்க. அதையப் பேப்பர்ல போடச் சொன்னனுங்களா?"

அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. திரும்பும் வழியில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பொறுப்பாசிரியர் எனக்குச் சொன்ன நாலு கேட், ரெண்டு சீட்டு கணக்கை நல்லம்மாளிடம் சொன்னேன். சொல்ல வேறொன்றும் இல்லை.

4. காரணம்

அடுத்த மாதம் நல்லம்மாள் போன் செய்தார்.

"மிச்சம் இருந்த ஒரு ஏக்கரை நானே நேரா மில்லுல இறக்கிட்டனுங்க. நாலு கேட்டுலயும் கேட்டேன். ரெண்டு பேரு சீட்டை வாங்கிப் பாத்தேன். நாளையிலிருந்து உங்க பேப்பர் வேண்டாம்னு ஏஜெண்டுகிட்டச் சொல்லிட்டனுங்க. உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிரலாம்னுதான்."

புதிதாக வரும் நிருபர்களுக்கு நான் சொல்வது இதுதான். செல்போனில் சும்மா கிடைப்பதை அச்சடித்துக் காசுக்கு விற்றால், ஒருநாள் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். ஒரு சீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவதற்குத்தான் அவர் நமக்குக் காசு கொடுத்தார்.

அந்த மாதம் எங்கள் பகுதியில் விற்பனை குறைந்ததற்கு அறிக்கை கேட்டார்கள். 'காரணம்' என்ற இடத்தில் மற்ற எல்லா ஊர் நிருபர்களும் இன்டர்நெட் என்று எழுதினார்கள். நான் என் பெயரை எழுதி அனுப்பினேன்.