கேப்டன் பேசிய நாள்

ஒரு வருடம் சேர்ந்து விளையாடியும் கேப்டனின் குரலை நான் கேட்டதில்லை. நான்கு பேர் ஓரணியாகக் கைப்பேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை அது. நாங்கள் மூவரும் மைக்கில் கத்திக்கொண்டிருப்போம்; மூவரில் நான் மட்டுமே பெண். கேப்டன் மட்டும் எழுத்திலேயே வழிநடத்துவார். வீடு சிறுமலையில், டவர் சரியில்லை என்பார். அவரை ஆண் என்றே நினைத்திருந்தோம்.

அந்த ஞாயிறு மதியம் உள்ளூர் அணிகளுக்கிடையே ஒரு போட்டி. எங்களில் குறி தவறாமல் சுடுபவன் ஒருவன் இருந்தான். நான் எறிந்த குண்டு தவறி அவனருகே வெடிக்க, அவன் ஆட்டமிழந்தான். உடனே வசவைத் தொடங்கினான். முதலில் என் ஆட்டத்தை, பிறகு என் உடம்பை, பிறகு என் அம்மாவைத் திட்டினான். நான்காவது ஆள் சிரித்தான். "பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைதான நீ? நாளைக்கு வாரேன்" என்றான் ஆட்டமிழந்தவன். நட்பாகக் குழுவில் நானே சொல்லியிருந்த விவரம்.

அப்போது ஒரு பெண்குரல் கேட்டது. "ஏலே, நிறுத்து. நாந்தான் கேப்டன். நானும் பொம்பளதான்."

அவன் அவரையும் திட்டினான். "நீ பேசுன அம்புட்டும் பதிவாயிருக்கு. கடைக்கு நீ வந்தா நானும் அங்க இருப்பேன்" என்று மட்டும் சொல்லி கேப்டன் அவனைக் குழுவிலிருந்து நீக்கினார். ஆட்டத்தில் தோற்றோம்.

மறுநாள் கடைக்குப் போக, என் ஊரான எரியோட்டில் பஸ் ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் வேலைக்கே அனுப்ப மாட்டார்கள். வாசலில் நின்ற ஒவ்வொரு பைக்குக்கும் திடுக்கிட்டு, நகல் தாள்களை மாற்றி மாற்றி அடுக்கினேன். பதினொரு மணிக்கு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து, விளையாட்டில் நான் வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மிளகுத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வந்திருந்தார். முதலாளியிடம் என் அக்கா என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தவர் நகரவே இல்லை. முன்பு ஒருமுறை மைக்கைத் திறந்து வாங்கிய ஏச்சுக்குப் பிறகுதான் பேசுவதையே விட்டதாகச் சொன்னார்.

நாலு மணிக்கு எதிர்ச்சாரியில் ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் எங்கள் கடையைப் பார்த்தான். கேப்டன் எழுந்து வாசலுக்குப் போய், கைப்பேசியை அவன் பக்கம் உயர்த்திப் பிடித்தபடி நின்றார். வண்டி கிளம்பிப் போனது. அது அவன்தானா என்று இன்றுவரை தெரியாது. பிறகு யாரும் வரவில்லை.

சிரித்தவன் அந்த வாரமே மன்னிப்புக் கேட்டு எழுதினான். அவனும் இருக்கும் எங்கள் குழுவில் இப்போது பத்துப் பெண்கள் ஆடுகிறோம். திட்டுகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். முதல் வசவுக்கே நான்கைந்து மைக்குகள் திறக்கின்றன.

அந்த பைக் வந்துபோன அன்று மாலை சிறுமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பயமாக இல்லையா என்று கேப்டனிடம் கேட்டேன்.

"வர்ற வழி பூராம் கை நடுங்குச்சு. நீ தனியா உக்காந்திருப்பியேன்னுதான் வந்தேன்" என்றார்.