மேடையிலிருந்து இறங்கிய கால்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சைக்கிளில் கிளம்பினேன். மரம் கிடந்த இடங்களில் சைக்கிள் என் தோளில் ஏறி வந்தது. அன்று கல்லூரிக் கருத்தரங்கில் யார் நன்றாகப் பேசுகிறாரோ அவரைச் சென்னைப் பல்கலைக்கழகக் கருத்தரங்குக்கு அனுப்புவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் எம்.ஏ. வரை வந்தவன் நான் ஒருவன்தான். விடுவேனா?

என் கட்டுரை கல்வராயன் மலை விவசாயத்தைப் பற்றியது. தாளைப் பார்த்துப் படிக்காதே, கேட்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசு என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கோமுகி அணைக்கரையில் மேய்ந்த மாடுகளின் கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகினேன். கடைசியில் என்னைக் கண்டாலே அவை எழுந்து போயின. ஆனால் பலன் இருந்தது. மேடையில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை, கை தட்டினார்கள்.

பிறகு கேள்வி நேரம். முன்வரிசையிலிருந்த கல்லூரிக் கமிட்டிக்காரர்களில் ஒருவர் எழுந்தார். அப்பா கூலிக்குப் போகும் கரும்புத் தோட்டம் அவருடையது. எங்கள் தெருவே அவரை ஆண்டை என்றுதான் கூப்பிடும்.

"மலையில சாமைய எப்பப்பா வெதைக்கிறாங்க?"

தன்மையாகத்தான் கேட்டார். அவர் கீழே நிற்கிறார், நான் மேலே நிற்கிறேன். யோசிக்கவே இல்லை, கால் இறங்கிவிட்டது. அவர் எதிரே போய்க் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "ஆனி மாசத்துல வெதைப்பாங்க, ஆண்ட" என்றேன்.

அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, சங்கடப்பட்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி மேடையேற முடியாமல் அங்கேயே நின்றேன்.

பேராசிரியர் தனியே கூப்பிட்டார். "கட்டுரை அருமையா இருக்குது. சென்னையில அத வேற பையன் படிக்கட்டும். தப்பா எடுத்துக்காத."

"சரிங்க சார்" என்றேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பேராசிரியர்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய.

வீட்டுக்கு வந்தபோது அப்பா எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார். சென்னையைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஆண்டயும் வந்திருந்தாராமே. அவரு எதிர்ல மரியாதயா நின்னியா?"

"நின்னேம்பா."

"அது போதுண்டா. எம்மாம் படிச்சாலும் நீ மாறல" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.