தொட்டிக்குள்ளும் கந்தசஷ்டி

சுபாங்கன் பிரான்சுக்குப் போகும்போது அக்கா தர்சிகாவின் தலையில் இரண்டு பொறுப்புகளைக் கட்டிவிட்டுப் போனான். ஒன்று அம்மா மகாதேவி. மற்றது, கொழும்பில் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு ஆக்சலாட்டில்கள். நாலு காலும் வாலுமாகப் பல்லி போலத் தண்ணீருக்குள் நடந்து திரியும் அவற்றை, அவர்களின் ஊரான இணுவிலில் எவருக்கும் பிடிக்கவில்லை. போன் எடுத்தால் அவன் முதலில் கேட்பது, “பெரியவன் சாப்பிட்டவனோ, சின்னவன் சாப்பிட்டவனோ?” என்றுதான். அக்கா சாப்பிட்டாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பசி வந்தால் ஒன்றின் காலை மற்றது கவ்வும். அதனால் மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் தர்சிகா இறால் நறுக்கி, பெரியவனுக்குக் கண்ணாடித் தொட்டியிலும் சின்னவனுக்கு நீலப் பேசினிலுமாகப் பிரித்து வைத்துக் கொடுப்பாள். அவள் விரலைக் கண்டால் சின்னவன் மேலே வருவான். அந்த வீட்டில் அவளைக் கண்டு சந்தோசப்பட்ட சீவன் அது ஒன்றுதான்.

கந்தசஷ்டி வந்தது. பிரான்சில் மகனுக்கு நிரந்தர விசா கிடைக்க வேண்டுமென்று அம்மா விரதம் பிடித்தாள்.

“ஆறு நாளும் இறால், மீன் ஒண்டும் படலை தாண்டி வரக்கூடாது.”

“மண்புழுவாவது கிண்டிக் குடுக்கிறனே, அம்மா?”

“விரத வீட்டிலை உயிர்க்கொலையோ? உதுகளும் விரதம் இருக்கட்டும். புண்ணியம்.”

எதிர்த்துக் கதைத்தால், விசா கிடைக்காவிட்டால் அதற்கும் தர்சிகாதான் காரணமாவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பசியில் கடிபடாமலிருக்கச் சின்னவனை முழுநேரமும் பேசினுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போய்வந்தாள்.

ஐந்தாம் நாள் பூசைச் சாமான் கழுவ அம்மாவுக்குப் பேசின் தேவைப்பட்டது. சின்னவனைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டாள். மாலையில் தர்சிகா வந்தபோது அவனுக்கு முன்காலும் இல்லை, கழுத்துச் செவுளும் இல்லை. ஆறாம் நாள், சூரன்போரன்று காலை செத்து மிதந்தான். விரதம் பிடித்தது ஒருத்தி, போனது வேறொரு உயிர்.

தர்சிகா வாய்விட்டு அழுதாள்.

“நல்ல நாளிலை உதுக்கெல்லாம் அழுவினமே?” என்றுவிட்டு அம்மா கோயிலுக்குப் போனாள்.

பின்னேரம் சுபாங்கன் போன் எடுத்தான். சின்னவன் செத்ததைச் சொன்னாள்.

“ரெண்டையும் பிரிச்சு வைக்கத் தெரியேல்லையோ உனக்கு?”

“பசிச்சதுகளை ஒரு தொட்டிக்கை விட்டால் கடிபடும் எண்டு நீதானே சொல்லித் தந்தனி. பிறகேன்டா என்னையும் அம்மாவையும் இந்த வீட்டுக்கை விட்டிட்டுப் போனனி?”



“பெரியவன் சாப்பிட்டவனோ?” என்று கேட்டான்.